"7,500 ரூபாய் மிச்சம்"னு போட்ட வீடியோவை ஏன் எடுத்துட்டேன்?



போன ஆகஸ்ட்ல நம்ம சேனல்ல ஒரு ஷார்ட்ஸ் போட்டிருந்தேன். தஞ்சாவூர் பக்கம் எங்க ஊர் வீட்டுல, கொல்லைக் கதவுலேர்ந்து மோட்டார் ரூம் வரைக்கும் நானே செங்கல் பதிச்சு ஒரு பாதை போட்டது. "மேஸ்திரி கேட்டது 16,500. எனக்கு ஆன செலவு 9,000. ரெண்டு நாள்ல 7,500 ரூபாய் மிச்சம்!" அதுதான் தலைப்பு. நல்லா ஓடுச்சு. "ப்ரோ, இந்த வீக்கெண்ட் நானும் இறங்கப் போறேன்"னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க.

அந்த வீடியோவை இப்போ எடுத்துட்டேன். எடுத்துட்டுச் சும்மா இருந்தா நியாயமா இருக்காது. நான் சொன்ன கணக்கை நம்பி யாராவது மண்வெட்டியைத் தூக்கியிருந்தா, அந்தக் கணக்கு எங்க தப்புன்னு சொல்ற கடமை எனக்கு இருக்கு. ஒரு நிமிஷ வீடியோவுல அடங்காத விஷயம், அதனாலதான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த 9,000 ரூபாய்

பாதையோட நீளம் 30 அடி, அகலம் 3 அடி. மொத்தம் 90 சதுர அடி. நான் செலவு பண்ணது இவ்வளவுதான்:

செங்கல் 400, ஒண்ணு 11 ரூபாய்: 4,400
எம்-சாண்ட் 25 கன அடி: 1,750
குட்டியானை வாடகை: 900
ரப்பர் சுத்தியல், நூல், கையுறை: 650
சென்னையிலேர்ந்து போயிட்டு வர பஸ்: 1,300

கூட்டினா 9,000. ஒரு ரூபாய் கூட மறைக்கல. பஸ் டிக்கெட் வரைக்கும் சேர்த்திருக்கேன்னு அப்போ எனக்கே பெருமை. ஆனா செலவை நேர்மையா எழுதினா மட்டும் கணக்கு சரியாயிடாது. எந்த வேலைக்கும் எந்த வேலைக்கும் ஒப்பிடுறோம்னு பார்க்கணும். அதை நான் பார்க்கல.

விலை சொல்லும்போதே மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார். "செங்கல்லுக்கு நான் காசு கேக்கல தம்பி. கீழ போடுறதுக்குத்தான் கேக்குறேன்." எனக்கு அது பேரம் பேசுற பேச்சாத்தான் தெரிஞ்சுது. வெறும் நடைபாதை தானே, லாரியா ஓடப் போகுதுன்னு நினைச்சேன். 4 அங்குலம் மண்ணை வெட்டி எடுத்தேன். 2 அங்குலத்துக்கு எம்-சாண்ட் கொட்டிப் பரப்பினேன். அது மேல செங்கல்லை வரிசையா வச்சுத் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் சாயும்போது போட்டோ எடுத்தா, அவ்வளவு அழகா இருந்துச்சு.

நவம்பர்ல என்ன ஆச்சு

எங்க ஊர் மண் களிமண். காவிரிப் பாசனப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். கோடையில விரல் நுழையுற அளவுக்கு வெடிக்கும். மழை பெஞ்சா உப்பி, குழைஞ்சு போகும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும், துணி துவைக்கிற கல் பக்கத்துல தண்ணி தேங்கினது. அடியில களிமண் இளகிடுச்சு. மேல இருந்த மணல் அதுக்குள்ள இறங்கிடுச்சு. பாதைக்கு ரெண்டு பக்கமும் கட்டை எதுவும் கட்டாததால, ஓரத்துச் செங்கல் எல்லாம் வெளிப்பக்கம் நகர, நடுவுல இடைவெளி விழுந்துச்சு. ஒரு செங்கல் உள்ள இறங்க, பக்கத்துச் செங்கல் முக்கால் அங்குலம் தூக்கிட்டு நின்னுச்சு.

அம்மா போன்ல ரெண்டு தடவை சொன்னாங்க. "அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கிறேம்மா"ன்னேன். ரிலீஸ் டைம், லீவு போட முடியல.

ஒரு நாள் விடிகாலை 5 மணிக்கு அப்பா மோட்டார் போடப் போயிருக்கார். கரண்ட் இல்லை, இருட்டு. தூக்கிட்டு நின்ன அந்தச் செங்கல்ல கால் தட்டி விழுந்துட்டார். கையை ஊனினதுல வலது மணிக்கட்டுல எலும்பு முறிவு.

ஆபரேஷன் வரைக்கும் போகல, அது எங்க நல்ல நேரம். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து, மறுபடி போய்க் காட்டினது எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய். அப்பா அம்மாவுக்குன்னு எடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே, அதுல வாங்கிடலாம்னு நினைச்சேன். எங்க பாலிசியில குறைஞ்சது 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்கணும், இல்லேன்னா லிஸ்ட்ல இருக்கிற டே-கேர் சிகிச்சையா இருக்கணும். வெளிநோயாளியா போய் மாவுக்கட்டு போட்டுட்டு வந்தா கிடையாது. நிறைய பாலிசி இப்படித்தான், உங்களோடதை ஒரு தடவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. பணம் எமர்ஜென்சி ஃபண்டுலேர்ந்து போச்சு.

பணம் போனது எனக்குப் பெரிசா படல. ஆறு வாரம் அப்பா இடது கையால சாப்பிட்டார். சட்டைக்குப் பட்டன் போட அம்மாவைக் கூப்பிட்டார். பாதையைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அந்த 7,500 எங்கேர்ந்து வந்துச்சு?

பொங்கல் முடிஞ்சு, பிப்ரவரியில பாதையை மொத்தமா பிரிச்சு மறுபடி போட்டேன். இந்தத் தடவை மேஸ்திரிகிட்ட முழுசா கேட்டுக்கிட்டு. அவர் குத்திக்காட்டல, கிரஷர் பொடி எங்க வாங்கணும்னு கூடச் சொல்லி அனுப்பினார். ரெண்டாவது தடவை ஆன செலவு:

உடைஞ்சதுக்குப் பதிலும், ஓரக் கட்டைக்குமா செங்கல் 100: 1,100
சிறு ஜல்லி, கிரஷர் பொடி கலந்தது 60 கன அடி: 2,700
மண் வெட்டவும், திமிசு போடவும் ரெண்டு ஆள், ஒரு நாள்: 1,800
எம்-சாண்ட் 10 கன அடி: 700
சிமெண்ட் ஒரு மூட்டை: 400
வண்டி வாடகை: 900
பஸ்: 1,300

மொத்தம் 8,900. முதல் தடவை ஆன 9,000-ஐயும் சேர்த்தா 17,900. மேஸ்திரி கேட்ட 16,500-ஐ விட 1,400 ரூபாய் அதிகம். ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்தா 24,100.

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். முதல் தடவையே நான் ஒழுங்கா போட்டிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்? அதையும் உக்காந்து கூட்டிப் பார்த்தேன். செங்கல் 450-க்கு 4,950. அடியில போடுற ஜல்லிக் கலவை 2,700. மணல் 15 கன அடி 1,050. கூலி 1,800. சிமெண்ட் 400. வண்டி ரெண்டு நடை 1,800. சாமான் 650. பஸ் 1,300. ஆக 14,650.

அதாவது உண்மையிலேயே மிச்சமாகியிருக்க வேண்டியது 16,500-லேர்ந்து 14,650 போக, வெறும் 1,850 ரூபாய்!

அப்போ வீடியோவுல நான் காட்டின 7,500-ல மீதி 5,650 என்னது? அது மிச்சமே இல்லை. நான் செய்யாம விட்ட வேலையோட விலை. அடித்தளம், ஓரக் கட்டை, திமிசு. இதையெல்லாம் திருடிட்டு, திருடினதுக்கு 'சேமிப்பு'ன்னு பேர் வச்சேன். என்னோட கருத்து இதுதான்: நாமளே பண்ணி நிறைய மிச்சம் பிடிச்சதா தோணுச்சுன்னா, பாராட்டிக்கிறதுக்கு முன்னாடி எந்த அடுக்கை விட்டோம்னு தேடுங்க. பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத அடுக்காத்தான் இருக்கும். வெளியில தெரியுற வேலையை நாம யாரும் விடுறதில்லையே.

"உங்க ஒரு மணி நேரத்தோட விலை" கணக்கு

இதைப் படிச்சதும் சிலர், "நான் அப்பவே சொன்னேன் ப்ரோ, உங்க டைமுக்கு விலை போடுங்க"ன்னு வருவீங்க. அந்தக் கணக்கு தெரியும். மாசச் சம்பளம் 60,000. மாசத்துக்கு 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம்னா 198 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 ரூபாய். பாதை போட 20 மணி நேரம் ஆச்சுன்னா 6,000 ரூபாய் நஷ்டம், அதனால ஆள் வச்சுப் பண்ணுங்க.

எனக்கு இந்தக் கணக்குல உடன்பாடு இல்லை. மாசச் சம்பளக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை 20 மணி நேரத்துக்கு யாரும் 6,000 ரூபாய் தரப் போறதில்லை. ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு, கடை வச்சிருக்கிறவங்களுக்கு இது சரி. அவங்க விட்ட நேரம் வருமானமா மாறியிருக்கும். நம்ம நேரம் ஏற்கெனவே மொத்தமா வித்தாச்சு. மிச்சம் இருக்கிறது விலைக்குப் போகாத நேரம். அதைத் தோட்டத்துல செலவு பண்ணா நஷ்டம்னு சொன்னா, கிரிக்கெட் பார்த்தாலும் நஷ்டம், தூங்கினாலும் நஷ்டம்.

நம்மளுக்கு உண்மையான செலவு வேற ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு உடம்பு. முதல் தடவை போட்டுட்டு வந்த திங்கட்கிழமை குனிஞ்சு ஷூ போட முடியல, சிக் லீவு போட்டேன். ரெண்டு, மறுபடியும் முதல்லேர்ந்து பண்ண வேண்டி வர்ற வாய்ப்பு. தெரியாத வேலையில இதுதான் பெரிய செலவு. ஆனா எந்தக் கணக்கிலேயும் இதுக்குன்னு ஒரு வரி இருக்காது. தொழில் தெரிஞ்சவருக்குக் குடுக்கிற கூலியில பாதி, அவர் ஏற்கெனவே வேற இடத்துல பண்ணிக் கத்துக்கிட்ட தப்புகளுக்குத்தான்.

ரெண்டே கேள்வி கேளுங்க

அப்போ எதையுமே நாமளா பண்ணக் கூடாதான்னு கேட்டா, அப்படி இல்லை. நான் இப்போ வீட்டு வேலை எதுவானாலும் ரெண்டு கேள்வி கேக்குறேன்.

முதல் கேள்வி: தப்பாப் போச்சுன்னா பிரிச்சு மறுபடி பண்ண முடியுமா? செங்கல் பாதை இதுல நல்ல மார்க் வாங்கும். சிமெண்ட் பூசாம மணல்ல பதிக்கிறதால, 400 செங்கல்ல 370 எனக்கு அப்படியே திரும்பக் கிடைச்சுது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறதும் அப்படித்தான். மொட்டை மாடி ஒழுகாம இருக்கப் பூச்சு அடிக்கிறது அப்படி இல்லை. தப்பா பண்ணா, அடுத்து வர்றவர் உங்க பூச்சைச் செதுக்கி எடுக்கவே தனியா காசு கேப்பார்.

இரண்டாவது கேள்வி: தப்பு நடந்தது நமக்குத் தெரியுறதுக்கு முன்னாடி, யாருக்காவது அடிபடுமா? நான் கேக்காம விட்டது இதுதான். செங்கல்லைப் பிரிக்கலாம், அப்பா மணிக்கட்டை முன்னாடி மாதிரி ஆக்க முடியாது. இப்பவும் குளிர் நேரத்துல வலிக்குதுங்கிறார். கரண்ட் வேலை, கேஸ் லைன், உயரத்துல நின்னு பண்ற வேலை இதெல்லாம் ரெண்டாவது கேள்வியிலேயே ஃபெயில். அதுக்கெல்லாம் பேரம் பேசாம ஆளைக் கூப்பிட்டுடுங்க.

நடுவுல இருக்கிற வேலையைப் பிரிச்சுக்கலாம். பாதையில அடித்தளத்துக்கு ஆள் வைங்க. மேல செங்கல் அடுக்குறதை நீங்க பண்ணுங்க. கீழ தப்பு பண்ணா அடிபடும். மேல தப்பு பண்ணா கோணலாத் தெரியும், அவ்வளவுதான்.

போடப் போறீங்கன்னா, இதைக் குறிச்சு வச்சுக்கோங்க

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் இந்த வேலையில இறங்காதீங்க. பொங்கலுக்கு அப்புறம் மண் காய்ஞ்சிருக்கும்போது ஆரம்பிங்க. வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணி பைப், செப்டிக் டேங்க் பைப், கரண்ட் எர்த் குழி எங்க இருக்குன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுச் சுண்ணாம்புல கோடு போட்டுக்கோங்க.

ஆழம்: செங்கல் 3 அங்குலம், மணல் 1 அங்குலம், அதுக்குக் கீழ ஜல்லிக் கலவை. கெட்டி மண்ணா இருந்தா 4 அங்குலம், களிமண்ணா இருந்தா 6 அங்குலம். பாதை தரையை விட ஒரு அங்குலம் மேல நிக்கணும். எங்க வீட்டுக்கு 9 அங்குலம் வெட்ட வேண்டியிருந்துச்சு. 90 சதுர அடிக்கு 67 கன அடி மண், மூணு டன்னுக்குப் பக்கம். இதைத் தனியா வெட்டிடலாம்னு நினைக்கிறவங்க, திங்கட்கிழமை லாகின் பண்றதை மறந்துடுங்க.

ஜல்லிக் கலவையை மொத்தமா கொட்டித் தட்டக் கூடாது. 3 அங்குலத்துக்கு ஒரு தடவை லேசா தண்ணி தெளிச்சு, திமிசு போட்டு, அப்புறம் அடுத்த அடுக்கு. குதிகாலை ஊனிப் பார்த்தா பதியக் கூடாது. மணல் ஒரு அங்குலம் போதும். நான் முதல்ல பண்ண மாதிரி பள்ளத்தை மணலால நிரப்பினா, நடக்க நடக்க அது நகரும்.

ஓரம்: ரெண்டு பக்கமும் செங்கல்லைப் பக்கவாட்டுல நிறுத்தி, வெளிப்பக்கம் சிமெண்ட் கலவை வச்சு அணைங்க. இந்த ஓரம் இல்லேன்னா நடுவுல எவ்வளவு இறுக்கமா அடுக்கினாலும் நாளடைவுல விரியும்.

வாட்டம்: அகலவாக்குல அடிக்குக் கால் அங்குலம், வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியணும். 3 அடிப் பாதைக்கு முக்கால் அங்குலம். நூல் கட்டி, ரசமட்டம் வச்சுப் பார்த்துக்கோங்க. ரசமட்டம் இல்லேன்னா, கொத்தனார்கள் பண்ற மாதிரி தண்ணி நிரப்பின ட்யூப் போதும்.

செங்கல்: இதுல விலை பார்த்து மிச்சம் பிடிக்காதீங்க. ரெண்டு கல்லை ஒண்ணோட ஒண்ணு தட்டினா 'ணங்'னு கேக்கணும், 'தொப்'புன்னு கேட்டா சரியா வேகலை. நகத்தால கீறினா கோடு விழக் கூடாது. நேரம் இருந்தா ஒரு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணியில ஊற வச்சு மறுபடி எடை போடுங்க. சாதாரணக் கட்டடச் செங்கல் தன் எடையில 20 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயத்துல இருக்கு. 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினா வேற சூளை பாருங்க. தரையில கிடக்கிற கல்லுக்கு இதை விடக் குறைவா குடிக்கிறது இன்னும் நல்லது.

அடுக்கு முறை: முதல் தடவை போடுறவங்க, சுவர் கட்டுற மாதிரி ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை பாதிக் கல் தள்ளி அடுக்குங்க. பாதிக் கல் மட்டும் வெட்டினா போதும், உளியாலயே முடியும். கோணத்துல போடுற மீன்முள் டிசைன் அழகுதான், ஆனா ஒவ்வொரு ஓரத்துக்கும் சாய்வா வெட்டணும். அதுக்கு கட்டிங் மெஷின் வேணும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, கண்ணுக்கும் ஆபத்து. அது ரெண்டாவது கேள்விக்குள்ள வந்துடும்.

கடைசியா, நல்லா காய்ஞ்ச நைஸ் மணலை மேல கொட்டித் துடைப்பத்தால கூட்டி இடுக்கெல்லாம் நிரப்புங்க. முதல் மழைக்கு அப்புறம் இன்னொரு தடவை நிரப்பணும்.

ஒரு எச்சரிக்கை. எப்பவும் நிழலா, ஈரமா இருக்கிற இடத்துல செங்கல் பாசி பிடிக்கும், வழுக்கும். வயசானவங்க தினமும் நடக்கிற இடம் அப்படி இருந்தா, செங்கல் வேணாம். துடைப்பத்தால கோடு இழுத்த சொரசொரப்பான கான்கிரீட் போடுங்க. எங்க வீட்டுல துவைக்கிற கல்லைச் சுத்தி ரெண்டாவது தடவை அதைத்தான் போட்டோம். பார்க்கச் சுமார்தான், ஆனா அம்மா தைரியமா நடக்குறாங்க.

பணம் எங்கேர்ந்து?

15,000 ரூபாய் ஒரே மாசத்துல எடுத்து வைக்கிறது நம்மில் பல பேருக்குக் கஷ்டம். அதுக்காக கிரெடிட் கார்டு இஎம்ஐ போகாதீங்க. நான் இப்போ மாசம் 1,250 ரூபாய் தனியா ஒரு ஆர்டியில போடுறேன். பேரே 'ஊர் வீடு'. வருஷத்துக்கு 15,000. ஒரு வருஷம் பாதை, அடுத்த வருஷம் பாத்ரூம்ல கைப்பிடியும் வழுக்காத டைல்ஸும், அதுக்கு அடுத்து கொல்லையில சோலார் லைட். இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. 40,000 ரூபாய் போனுக்கு இஎம்ஐ போட நாம ஒரு நிமிஷம் யோசிக்கிறதில்லை. அப்பா அம்மா தினமும் கால் வைக்கிற இடத்துக்கு 15,000 ரூபாயை 'அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்'னு தள்ளிப் போடுறோம். நானும் தள்ளினவன்தான், அதனால தைரியமா சொல்றேன்.

சம்பளக் கணக்குலயும் இதே அடுக்குதான்

சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் ரெண்டு வருஷத்துல எல்லாரும் செங்கல்தான் அடுக்குறோம். எந்த ஷேர், எந்த ஃபண்டு, எத்தனை சதவீதம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்ட அழகா இருக்கும். அடியில ஆறு மாசச் செலவுக்குப் பணம் இருக்கா, நம்மளை நம்பி யாராவது இருந்தா டெர்ம் பாலிசி இருக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க, யாருக்கும் காட்டவும் முடியாது. "ஆபீஸ்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு விட்டிருப்போம். வேலையை விட்டா அந்தக் குரூப் பாலிசியோட பாதுகாப்பும் போயிடும். அது நம்ம மண் இல்லை, கம்பெனியோட மண்.

அடித்தளம் இல்லாம மாசம் 10,000 எஸ்ஐபி போடுறவரைப் பார்த்து, "எனக்கு 4,000-தான் முடியுது"ன்னு வருத்தப்படாதீங்க. உங்க மீதி 6,000 எமர்ஜென்சி ஃபண்டுக்கும் பிரீமியத்துக்கும் போகுதுன்னா, நீங்க பின்தங்கி இல்லை. என்னோட 9,000-ஐயும் மேஸ்திரியோட 16,500-ஐயும் ஒப்பிட்ட மாதிரிதான் அந்த ஒப்பீடும்.

கடைசியா

இவ்வளவு சொல்லியும், "நீ மறுபடி போடுவியா?"ன்னு கேட்டா, போடுவேன். 1,850 ரூபாய்க்காக இல்லை. பிப்ரவரியில செங்கல் அடுக்கின அந்த ரெண்டு நாளும் அப்பா ஸ்டூல் போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தார். நூல் கோணலா இருந்தா சொன்னார். கடைசியில மணல் கூட்டும்போது, "குடுடா, இதை நான் பண்றேன்"னு துடைப்பத்தை வாங்கிட்டார். கையைப் பார்த்துட்டு அம்மா சத்தம் போட்டாங்க. அவர் கேக்கல, முழுப் பாதையையும் அவர்தான் கூட்டி முடிச்சார்.

அந்தச் சந்தோஷத்துக்காகப் பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. பணம் மிச்சமாகும்னு மட்டும் இறங்கினா, முதல்ல மேஸ்திரிகிட்ட கீழ என்னென்ன போடுவார்னு எழுதி வாங்குங்க. அந்த ஒவ்வொரு வரியையும் நீங்களும் போடுறதா வச்சு உங்க செலவைக் கூட்டுங்க. அதுக்கு அப்புறமும் மிச்சம் வந்தா, அதுதான் உண்மையான மிச்சம்.

பழைய வீடியோவைப் பார்த்து ஏற்கெனவே பாதை போட்டிருக்கீங்களா? மழைக்கு முன்னாடி ஓரத்துல ரெண்டு செங்கல்லை எடுத்துப் பாருங்க. அடியில மணலும் மண்ணும் மட்டும்தான் இருக்குன்னா, பிரிச்சு ஒழுங்கா போட்டுடுங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் ராத்திரி ஒரு லைட்டாவது எரியட்டும். தப்பான கணக்கு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க.